எட்டு நாளில் பாதி

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் எந்தப் பொருளும் முதலில் ஸ்டோர் ரூமுக்குப் போய் இளைப்பாற வேண்டும் என்பது விதி. நோயாளி காத்திருக்கலாம், விதி காத்திருக்காது. சேலத்துப் பக்கம் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், 1962-ஆம் வருஷம் வைகாசி மாதம், ஓர் அணுசக்தி மருந்து அப்படி இளைப்பாறிய கதை இது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள்.

மருந்தை வரவழைத்தவர் டாக்டர் அமிர்தசாமி. பம்பாயில் படித்தவர். எதையும் உடனே செய்துவிடலாம் என்ற கெட்ட பழக்கம் அங்கேதான் அவருக்குத் தொற்றியிருக்க வேண்டும். மருந்து ராசிபுரத்துப் பட்டுத் தறிக்காரி முத்தாயம்மாளுக்கு. அவள் கழுத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. மிச்சம் உடம்பில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தெரியவேண்டும். அந்த அயோடின் மருந்தைக் குடித்தால், அது ஒளிந்திருக்கும் கட்டியைத் தேடிப்போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒரு கருவியைப் பிடித்தால், அந்த இடத்துக்கு நேராக டிக் டிக் என்று கத்தும்.

"கலியாணப் பட்டுக்கு ஆர்டர் வந்திருக்குதுங்க. பாவு போட்டா, நெய்து முடிக்க நான் இருப்பனா மாட்டனான்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றாள் முத்தாயம்மாள். அவள் அழவில்லை.

ஈயக் குடுவைக்குள் அடைத்த மருந்து ரயிலில் வந்து இறங்கியது. ஸ்டோர் கீப்பர் அர்த்தநாரி அதை வாங்கிப் பூட்டினார். பூட்டிய சாவியை இடுப்பில் செருகினார். இடுப்பைத் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோனார்.

"அர்த்தநாரி, இது காத்திருக்காதய்யா!" என்று டாக்டர் பஸ் வரைக்கும் ஓடினார்.

"தேரும் காத்திருக்காதுங்க" என்றார் அவர்.

எட்டு நாள் கழித்து நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து பூட்டைத் திறந்தார். டாக்டர் கருவியைப் பிடித்துப் பார்த்தார். மருந்தின் சக்தி சரிபாதி.

"அது தானாகவே எட்டு நாளுக்கொருமுறை பாதியாகும்" என்றார் டாக்டர்.

அர்த்தநாரி காதைப் பொத்திக்கொண்டார். "ஸ்டோர்ல எதுவும் தானாக் குறையாதுங்க. நெய் குறைஞ்சா எலி. சர்க்கரை குறைஞ்சா எறும்பு. ஸ்பிரிட்டு குறைஞ்சா வெயில். இதுக்கு நான் ஆரை எழுதறதுங்க?"

மேற்படி மருந்தில் மேற்படி பாதி மேற்படி அறையிலிருந்து மாயமானது குறித்து மேலிடத்துக்கு எழுதப்பட்டது. விசாரணை முடியும்வரை மீதியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாசலில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். அடுத்த எட்டு நாளில் மீதியிலும் பாதி போயிற்று. காவலாளிமேல் சந்தேகப்பட்டு, அவனைக் கண்காணிக்க இன்னொரு காவலாளியைப் போட்டார்கள். திருடனோ நியாயஸ்தன்; எட்டு நாளுக்கொருமுறை வந்தான், இருப்பதில் பாதிக்குமேல் தொடவில்லை. முத்தாயம்மாள் பெண்கள் வார்டில் படுத்தபடி கூரையில் இருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மாதம் கழித்துச் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி ராயப்பன் வந்தார். அவர் கையில் இருட்டில் பச்சையாக மினுங்கும் ரேடியம் வாட்ச். அந்த வருஷம் மணிக்கட்டு மினுங்காதவனை எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கக்கூடப் போகமாட்டார்கள்.

குடுவையைத் திறந்து கருவியை வைத்தார்கள். சத்தமே இல்லை. "முழுவதும் போய்விட்டதா?" என்று அதிகாரி உள்ளே இருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். உடனே கருவி டிக் டிக் டிக் டிக் என்று அலறியது.

ரேடியமும் அணுச் சரக்குதான் என்று தெரிந்த டாக்டர் வாட்சைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். அர்த்தநாரிக்குச் சிரிப்பு வரவில்லை; கை கூப்பிக்கொண்டார். "சாமி, காணாமப்போன சரக்கு உங்க கையில இருக்குதுங்களே!"

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பொருள் மீட்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ரயிலைப் பிடிக்க மணி என்ன என்று என்னிடம்தான் கேட்டார்.

பத்தே நாளில் சென்னையிலிருந்து தெளிவான உத்தரவு வந்தது: குறையும் குணமுள்ள மருந்துகள் இனிமேல் வாங்கப்படமாட்டா. மீட்கப்பட்ட கடிகாரம் குறையாத தன்மையுடையதாகக் காணப்படுவதால், நோயாளிகளை அதைக் கொண்டே பரிசோதிக்க வேண்டியது.

அர்த்தநாரி வாட்சை ஒரு தட்டில் வைத்து முதலில் முத்தாயம்மாளிடம்தான் கொண்டுவந்தார். அவள் வாட்சைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள்.

"ஏனுங்க டாக்டர், தலைவலி மாத்திரைக்குக்கூட வெளியில வாங்கிட்டு வான்னு சீட்டு எழுதறீங்க. இதையும் அப்படி எழுதினா என்னங்க?"

டாக்டர் உடனே சீட்டு எழுதினார். இரண்டாவது குடுவை முத்தாயம்மாள் பெயருக்கே வந்தது. அவளே ஜங்ஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, குதிரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். வாசலில் அர்த்தநாரி மறித்தார்.

"வெளி மருந்துங்களா? அப்ப ஸ்டோருக்குச் சம்பந்தமில்லீங்க. வெரசாக் கொண்டுபோங்க."

அப்போதே குடித்தாள். மறுநாள் டாக்டர் கழுத்தில் கருவியைப் பிடித்தார், நெஞ்சில் பிடித்தார், முதுகெலும்பு நெடுகப் பிடித்தார். சத்தமே இல்லை.

"ஏனுங்க, மிசினு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லம்மா. ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. ஊருக்குப் போய்ப் பாவு போடுங்க" என்றார் டாக்டர். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மூட்டையோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். ஸ்டோர் ரூமிலிருந்து தெருமுனை வரைக்கும் கூட்டம் வரிசை கட்டி நின்றது. வக்கீல், மளிகைக்கடைக்காரர், பஸ் முதலாளி சம்சாரம் எல்லோரும், பம்பாய்க்காரனுக்குக்கூடக் கிடைக்காத அணு வைத்தியம் என்று கேள்விப்பட்டு, வாட்சைக் கழுத்தில் வைத்துக்கொள்ள வந்திருந்தார்கள்.

"இங்கேயும் தேருங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

வருஷக் கடைசித் தணிக்கையில் அந்த ஸ்டோரில் ஒரு துளியும் குறையாதிருந்த ஒரே பொருள் அந்த வாட்ச்தான் என்று அர்த்தநாரிக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அதை டைப் அடித்ததும் நான்தான். ஆனால் அன்றைக்கு வாசலில் நான் முத்தாயம்மாளை வழியனுப்ப நிற்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் பதினாறு பேர் இருந்தார்கள்.