அம்மா போன ஊர்கள்

"உங்கம்மா எங்கேடா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்து, தலையணையை இரண்டு தரம் நகர்த்தி வைத்துக்கொண்டபின் அப்பா கேட்ட முதல் கேள்வி அது.

மகன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன், இதற்கு ஒரு பதிலை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தான். வாயைத் திறந்ததும் அது காணாமல் போய்விட்டது. எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதத்துக்கு மூன்று பிரமிடுகள்.

"எகிப்து போயிருக்காங்கப்பா," என்றான்.

பால் தம்ளரோடு வந்த அவன் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா எகிப்துக்குப் போகவில்லை. எல்லாரும் ஒருநாள் போகிற இடத்துக்குப் போயிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, அப்பா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்த நாட்களில், பக்கத்து நாற்காலியில் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தவள், ஒரு விடியற்காலையில் உட்கார்ந்த நிலையிலேயே அடங்கிவிட்டாள். நர்ஸ் வந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவள் கையை எடுக்க வேண்டியிருந்தது. மகன் ஒரு பக்கம் மருந்துக்கு ஓடினான். இன்னொரு பக்கம் அடக்கத்துக்கு ஓடினான். நடுவில் அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தான். அப்பா கண் திறந்ததும் டாக்டர் அவனைத் தனியே அழைத்து, இதயம் ரொம்பப் பலவீனம், அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே எகிப்து.

"உங்கம்மாவா?" என்றார் அப்பா. "தெருமுனை தாண்டினா திரும்பி வர வழி கேக்கறவ."

"டூர்ப்பா. வயசானவங்களுக்குன்னே கூட்டிட்டுப் போறாங்க. நீங்கதான் தேறிட்டீங்களேன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

அப்பா வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போகட்டும். எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டிருந்தா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறொரு அப்பாவாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இந்த அப்பா ஓர் அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் சரித்திரப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவர். உலகத்தில் நடந்த போர்கள் அத்தனையும் அவருடைய பென்சிலைக் கடந்துதான் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. ஒரு ராஜா பட்டத்துக்கு வந்த வருஷம் ஒன்று தப்பினாலும் விரலால் மேஜையைத் தட்டி, "பிழை" என்பார். வீட்டிலும் அதே பழக்கம்தான். கல்யாணமான புதிதில் அம்மா ஆசையாக எழுதிய கடிதத்தைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவ்வளவு உலகத்தையும் வரி வரியாகப் படித்தவர், அவளை பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் அழைத்துப் போனதில்லை. அதை மட்டும் அவள் சிரிக்காமல் சொல்வாள்.

மறுநாள் காலை, வழக்கமாக வரும் சலூன்காரர் அப்பாவுக்குச் சவரம் செய்ய வந்தார். அதிகம் பேசாத மனிதர். அவரை எச்சரிக்க மறந்துபோன கண்ணாடிக் கடைக்காரன், வேலை முடிந்து அவர் வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினான்.

"அண்ணே, அம்மா எகிப்துக்கு டூர் போயிருக்காங்க. அதாவது, அப்பாவைப் பொறுத்தவரைக்கும்…"

"தெரியும் தம்பி. உள்ளேயே சொல்லிட்டாங்க," என்று அவர் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மனைவி சமயோசிதமாகச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அவன் நிம்மதி அடைந்தான். அவளிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவனை அப்பா கட்டிலருகே உட்காரச் சொன்னார். அம்மா போன் செய்தாளா, எந்த பிரமிடுக்குள் போனாள், குனிந்து போக முடிந்ததா, அவளுக்குத்தான் முழங்கால் வலி ஆயிற்றே என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவன் திணறினான். பாலைவனத்தில் சிக்னல் இல்லை என்றான். நாளைக்குக் கேட்டுச் சொல் என்றார்.

அவன் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தில் தேறாதவன், கடையில் ஒரு வாடிக்கையாளருக்கும் இன்னொருவருக்கும் நடுவே போனில் உலக சரித்திரம் படித்தான். எகிப்தில் எத்தனை நாள்தான் சுற்றுவது? அம்மாவை சீனாவுக்கு அனுப்பினான். அங்கிருந்து இஸ்தான்புல். அந்த வாரம் ஒரு பெரியவருக்குக் கண் சோதித்து, லென்ஸ் பவர் எழுதவேண்டிய இடத்தில், இஸ்தான்புல் துருக்கியர் கைக்குப் போன வருஷமான 1453 என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், தனக்குக் கண் அடியோடு போய்விட்டதென்று குடும்பத்தைக் கூட்டி உயிலைப் பற்றிப் பேசியதாகப் பிறகு தெரிந்தது.

"சீனப் பெருஞ்சுவர் நிலாவிலேர்ந்து பார்த்தாக்கூடத் தெரியுமாம். அம்மா அசந்துட்டாங்க," என்றான் ஒருநாள்.

அப்பாவின் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டியது. "பிழை. தெரியாது. மூணு பதிப்புல அடிச்சேன். மறுபடி மறுபடி உள்ளே வந்துடும்." பிறகு குரல் இறங்கி, "உங்கம்மாகிட்ட அங்கேயிருந்து ஒரு கல் எடுத்துட்டு வரச் சொல்லேன்," என்றார்.

கல்லுக்கு என்ன செய்வது? அடுத்த தெருவில் ஒரு வீடு இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த செங்கல் துண்டு ஒன்றைக் கழுவி, காகிதத்தில் சுற்றி, அம்மா பார்சலில் அனுப்பியதாகக் கொடுத்தான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிமெண்ட் ஒட்டியிருக்கே."

"ரிப்பேர் வேலை நடக்குதாம்பா."

அப்பாவின் விரல் கட்டில் சட்டத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. தட்டவில்லை. "இருக்கும்," என்று சொல்லிக் கல்லைத் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் வேறொரு ஆபத்து. அலமாரியில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. அதை ஒளித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாளே. அவ்வளவு தூரம் போய் எதைப் பார்ப்பா?"

"புதுசு போட்டுக் கொடுத்தேன்ப்பா. நல்ல பிரேம்." கண்ணாடிக் கடை வைத்திருப்பதில் வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு பிரயோஜனம் தெரிந்தது.

"அப்ப இது இங்கேயே இருக்கட்டும். எடுத்துக் குடு." வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தினமும் பிரார்த்தனையில் கணவனுக்காகத் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, பொய்யும் பிள்ளை மாதிரிதான். பெத்தாப் போதாது, வளர்க்கணும். உங்களால முடியுமா?" என்று கேட்டாள். அவனும் கடவுளிடம் சொல்லிப் பார்த்தான். அப்பாவின் உயிருக்காகச் சொல்கிற பொய், கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்க வேண்டும் என்று. மேலேயிருந்து ஆமென்றும் பதில் இல்லை, இல்லையென்றும் பதில் இல்லை.

பதிலுக்கு அப்பாவின் தங்கை வந்தாள்.

வெளியூரிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தவள், தடுப்பதற்குள் கட்டிலருகே போய், "அண்ணா, அண்ணி என்னை விட்டுட்டுப் போயிட்டாங்களே," என்று ஓவென்று அழுதுவிட்டாள். மனைவிதான் பாய்ந்து வந்து, "அத்தை மட்டும் டூர் போயிட்டாங்க, தன்னைக் கூப்பிடலைன்னு இவங்களுக்கு வருத்தம் மாமா," என்று சமாளித்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவளும் அன்றோடு கட்சி மாறினாள்.

அப்பா தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அழாதே. அவசரம் என்ன? உனக்கும் ஒருநாள் டிக்கெட் வரும். அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடு."

தங்கையின் அழுகை சட்டென்று நின்றது. வெளியே வந்து சங்கதியைக் கேட்டறிந்தபிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "விஷயம் தெரியாமப் பேசறாருன்னே வெச்சுக்கோ. அதுக்காக டிக்கெட் வரும்னா சொல்வாங்க?" என்று அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

அம்மா மட்டும் திரும்பி வருவதாக இல்லை. ஒவ்வொரு முறை திரும்ப வேண்டிய நாள் நெருங்கும்போதும் அவன் டூரை நீட்டினான். ரோமாபுரி, ஏதென்ஸ், பெரு. முழங்கால் வலிக்காரியான அம்மா மச்சு பிச்சு மலை மேல் ஏறி இறங்கினாள். கடைப் பையன் மாதிரி அவள் பின்னாலேயே அவனும் இழுபட்டான். சாயங்காலம் ஆனால் அப்பா வாசலைப் பார்த்துக் காத்திருப்பார். இவன் வந்து உட்கார்ந்து, அம்மா என்ன சாப்பிட்டாள், யாரோடு சிநேகமானாள், எந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள் என்று சொல்வான். சொல்லச் சொல்ல அவனுக்கே அவள் அங்கெல்லாம் இருப்பதுபோலத் தோன்றும். பிறந்ததிலிருந்து அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து இவ்வளவு பேசியதில்லை.

ஒருநாள் களைப்பில் வாய் தவறிவிட்டது.

"அம்மா பாம்பேயி பார்த்தாங்கப்பா. எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச ஊர். கிரீஸ்ல இருக்கே, அது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தாலி. அப்பாவின் விரல் தட்டும் என்று காத்திருந்தான்.

"அடுப்புல வெச்ச ரொட்டி அப்படியே கிடைச்சுதாம்டா," என்றார் அப்பா, அவன் முகத்தையே பார்த்தபடி. "எடுத்துத் தின்ன ஆள் இல்லை. பார்த்தாளாமா?"

"பார்த்தாங்கப்பா."

"ம்."

அவ்வளவுதான். விரல் அசையவே இல்லை.

அவன் சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். "கிரீஸ்னு சொல்றேன், பேசாம இருக்கார். அப்பாவுக்கு நினைவு கலைய ஆரம்பிச்சிடுச்சு," என்றான். மனைவி அடுப்பை அணைத்தாள். "எதுவும் தெரியாமலே அவரை அனுப்பிடக்கூடாதுங்க. அது பாவம். அத்தைக்காக அவர் ஒரு தரமாவது அழணும் இல்லையா?" என்றாள்.

மறுநாள் போய் டாக்டரைப் பார்த்தான். இதயம் முன்னைவிடப் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்லலாம், ஆனால் உறுதி எதுவும் தர முடியாது என்றார் அவர்.

அடுத்த நாள் கடையைத் திறக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு, மனைவியோடு சேர்ந்து பிரார்த்தனை செய்துவிட்டு, அப்பாவின் அறை வாசலுக்கு வந்தான். உள்ளே சவரம் நடந்துகொண்டிருந்தது. வெளியே நின்று, முதல் வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். "அப்பா, அம்மா டூர் போகலை." அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலியைக் காலியாகப் பார்த்த காலைக்குப்பின் அவன் அந்த வாக்கியத்தை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்தான். மறுபடி வழிந்தது.

சலூன்காரர் துண்டை உதறி மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க," என்றான் அவன். "அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். ஏதாவது ஆயிட்டா, எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்."

அவர் அவனுடைய கண்களைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். மடித்த துண்டைப் பிரித்து அவனிடம் நீட்டினார்.

"ஒண்ணும் ஆகாது தம்பி. அம்மா கை சில்லுன்னு ஆனதை முதல்ல தெரிஞ்சுக்கிட்டவரே ஐயாதான். 'பையன் இன்னும் ஒரு சொட்டு அழலை, அவன் அழற வரைக்கும் அவ எங்கேயாவது ஊர் சுத்திட்டிருக்கட்டும்'னு முதல் நாளே என் வாயைக் கட்டிப்போட்டுட்டார்."