கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு நாண்

"சார், அந்த அறுந்துபோன நாண் உங்ககிட்டதானே இருக்கு? சனிக்கிழமைக்குள்ள வேணும்."

போன்ல கேசங். திம்பு விளையாட்டு ஆபீஸ்ல புதுசா சேந்த பொண்ணு. பாரோ கடைத்தெருவுல பெயிண்ட் கடை வெச்சிருக்கிற செஞ்சோவுக்கு, வாயில இருந்த வெத்தலை அப்படியே தொண்டைக்குள்ள போயிடுச்சு.

"எந்த நாணும்மா?"

"என்ன சார், ஜப்பான்ல உங்க வில்லுல அறுந்துச்சே, அதான்! ஆசிய விளையாட்டுல பூடான் வரலாறுன்னு ஒரு ரூம் திறக்கிறோம். நடுவுல வைக்கப் பெரிய கண்ணாடிப் பெட்டி வாங்கியாச்சு. வாங்கினப்புறம்தான் யோசிச்சோம், உள்ள வைக்க நம்மகிட்ட ஒரு மெடல் கூட இல்லன்னு."

"அதுக்கு?"

"மெடல் பக்கத்துல போனது நீங்கதானே சார். அந்த நாண் மட்டும் அறுந்திருக்கலன்னா வெண்கலம். அதனால அதையே வெச்சிடுன்னு டைரக்டர் சொல்லிட்டார்."

"தேடறேன்"னு போனை வெச்சான். எங்க போய்த் தேடறது? அப்படி ஒரு நாணே கிடையாது.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது வேற. ரெண்டு அம்பு பாக்கி. ஒண்ணை விட்டான். நட்டநடு மஞ்சள்ல போய்க் குத்துச்சு. நம்ம பூடான்ல அம்பு குறியில பட்டா என்ன பண்ணுவோம்? கையைத் தூக்கி, பாட்டுப் பாடி, ஒரு சுத்து ஆடுவோம். அவன் காலும் அதைத்தான் பண்ணுச்சு. அங்க கூட ஆட ஒரு ஆள் கூட இல்ல. ஆடி முடிச்சுத் திரும்பினா நேரம் முடிஞ்சு மணி அடிச்சாச்சு. கடைசி அம்பு கையிலயே இருக்கு. நாலு பாயிண்ட்ல தோல்வி.

கூட வந்த ரின்சின் அன்னிக்கு மீன் ஒத்துக்காம வயித்தைப் புடிச்சுக்கிட்டு ரூம்ல கிடந்தான். இவனை விட நல்லா விடற கை. "என்னடா ஆச்சு?"ன்னு அவன் கேட்டதும் செஞ்சோ வாயில வந்தது, "நாண் அறுந்துடுச்சுடா." ஆட்டத்தைப் பாத்த கோச்சும் ரிப்போர்ட்ல அதையே எழுதிட்டார். எழுதற மாதிரி வேற எதுவும் இல்லையே! அவரும் இப்ப இல்ல.

பரண்ல உருட்டிட்டு இருந்தவனைப் பாத்து அவன் பொண்டாட்டி யாங்சென் சிரிச்சா. "முப்பது வருஷமா காதால கேட்ட நாணை இன்னிக்குத்தான் கண்ணால பாக்கப் போறேனா?"

பழைய வில்லு ஒண்ணு இருந்துச்சு. அதோட நாணைக் கழட்டி, பாக்கு வெட்டற கத்தியால ஒரே வெட்டு. டீத்தண்ணியில ஊற வெச்சு, அடுப்புக் கரியில புரட்டினான். வரலாறு ரெடி.

திம்புவுக்கு அனுப்பி வெச்ச ரெண்டு நாள்ல கேசங் போன்.

"சார், இது அறுந்த நாண் இல்ல! யாரோ அறுத்த நாண்! கத்தி வெட்டு நல்லாத் தெரியுது!"

"அப்படியா? எலி கடிச்சிருக்கும்மா."

"ஜப்பான்லயா? அப்போ அவங்களுக்கே ஒரு புகார் எழுதிடவா?"

"ஐயோ வேணாம்! அங்க ஏது எலி? எல்லாம் சுத்தம். ரூமைக்கூட எப்பவும் பூட்டித்தான் வெச்சிருந்தோம்."

"வெச்சிருந்தோம்னா? கூட யாரு இருந்தா?"

"...ரின்சின்."

சொன்ன வாயை அவனே பொத்திக்கிட்டான். லேட். அடுத்த நாளே ரின்சினை விசாரணைக்குக் கூப்பிட்டாச்சு.

பதறிப் போய் ரின்சினுக்குப் போன் போட்டான்.

"டேய், போகாதடா. நான் பேசிக்கிறேன்."

"இல்லடா, போறேன். முப்பது வருஷமா நெஞ்சுல வெச்சு அழுத்திட்டு இருக்கேன். இன்னிக்கு உண்மையைக் கொட்டிடறேன். என்னை மன்னிச்சிடு."

கட். பாவி, இவனுக்கு எல்லாம் தெரியும்! யாரோ சொல்லியிருக்காங்க! அவன் வாயால வெளிய வர்றதுக்குள்ள நாமளே சொல்லிட்டாக் கொஞ்சமாவது மானம் மிஞ்சும்னு செஞ்சோ காரை எடுத்தான். வழியில மண் சரிஞ்சு ரெண்டு மணி நேரம் நின்னான்.

ஆபீஸ்ல கேசங் அப்பதான் டைரக்டரோட வெளிய போயிட்டு வந்து நின்னா. பெட்டிக்குள்ள வெல்வெட் மேல அந்த நாண் கருகருன்னு படுத்திருந்துச்சு. டீ போடற அம்மா கண்ணாடியைத் துடைச்சிட்டு இருந்தாங்க.

"ரின்சின் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நாண் அறுந்துபோகவே இல்ல. அம்பு பட்டுச்சுன்னு ஆடிட்டேன். நேரம் போயிடுச்சு."

கேசங் கண்ணு கலங்கிடுச்சு. "கூட்டாளியைக் காப்பாத்த இப்படி ஒரு பொய் சொல்றீங்களே. எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு!"

"பொய் இல்லம்மா!"

"ஆசிய விளையாட்டுல போய் யாராவது ஆடுவாங்களா சார்?"

வேற வழி? அறுபத்திரெண்டு வயசுல, கையைத் தூக்கி, அதே பாட்டைப் பாடி, பெட்டி முன்னாடி ஒரு சுத்து ஆடினான். முட்டி மடக்குன்னுச்சு. கேசங் வாயைப் பொளந்து பாத்தா. நம்பிட்டா. செஞ்சோவுக்கு முப்பது வருஷப் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

டீக்கார அம்மா மட்டும் துணியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க.

"நாண் அறுந்துபோகவே இல்லையா? அப்போ காலையில அந்த ரின்சின் ஐயா இங்க நின்னு, 'போட்டிக்கு முந்தின நாள் அந்த நாணை முறுக்கிக் கட்டினது நான்தான்மா, என் கையாலதான் நாட்டோட மெடல் போச்சு, அதுக்கப்புறம் நான் வில்லையே தொடல'ன்னு தேம்பித் தேம்பி அழுதுட்டுப் போனாரே?"