நாலாவது மாடிக் குரல்களுக்கு நான் செலுத்திய அஞ்சலி

அன்று அந்த பேஸ்மெண்ட் ஹாலில் தேவசகாயம் அண்ணன் இருந்தார். அவரோடு பாடும் மூன்று பேர் இருந்தார்கள். பிரியாணி வாசனைக்கு முன்பே வந்து இடம் பிடித்துவிட்ட குவைத் அப்பாசியாப் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில் பாதி இருந்தன. மேடையில், ரூம்மேட்டின் கோட்டுக்குள் நான் இருந்தேன். இல்லாதவர்கள் ஏழு பேர். அந்தக் குழுவில் முன்பு பாடியவர்கள். எல்லோரும் இறந்துவிட்டபடியால் அவர்களை நான் எதிர்பார்க்கவும் இல்லை. (கோளாறு இங்கேதான் ஆரம்பம்.)

குழுவின் பெயர் 'நாலாவது மாடிக் குரல்கள்'. முப்பது வருடங்களுக்கு முன் குவைத்தில் ஒரே அறையில் தங்கியிருந்த நான்கு பேர் ஆரம்பித்தது. வாத்தியம் வாங்கக் காசில்லை. வாங்கினாலும் வைக்க இடமில்லை. ஹோட்டலில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்த ஒரு ஃபிலிப்பினோ நண்பர், "வாய் இருக்கிறதே, அது போதும்" என்று சொல்லிக் கற்றுக் கொடுத்தாராம். சர்ச் ஞானப்பாட்டை ஒருவர் பாடுவார், இருவர் அதற்கு மேலும் கீழும் போவார்கள், நான்காமவர் அடித்தொண்டையில் 'டும் டும்' என்று பேஸ் போடுவார். நால்வரும் நாலு விதமாகப் பாடினாலும் சண்டையாகத் தெரியாது. ஒருவர் விசா கேன்சல் செய்து ஊருக்குப் போனால் இன்னொருவர் சேர்ந்துகொள்வார். குழு மட்டும் நிற்கவே இல்லை.

ஆண்டு விழாவுக்குக் குழுவின் வரலாற்றை எழுதி வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யார் எதை எழுதச் சொன்னாலும் பரீட்சைபோல எழுதிவிடுவேன். தவிர, எனக்கு வேறு காரணமும் இருந்தது. என் கம்பெனியின் காண்ட்ராக்ட் ஒரு மாதத்தில் முடிய இருந்தது. தேவசகாயம் அண்ணன் வேறொரு கம்பெனியில் அட்மின். "விழா முடியட்டும் மக்கா, உன் விசாவ நம்ம கம்பெனிக்கு மாத்திரலாம்" என்று சொல்லியிருந்தார்.

குறிப்பெடுக்க அவர்களுடைய பயிற்சி அறைக்குப் போனேன். சுவரில் பதினோரு படங்கள். நான்கு படங்கள் வெறுமனே. ஏழு படங்களுக்குச் சந்தன மாலை. எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம் படத்துக்கு மாலை ஏறினால் அர்த்தம் ஒன்றுதான். பழைய நோட்டில் ஒவ்வொருவரும் கடைசியாகப் பாடிய தேதி இருந்தது. எல்லாம் பொருந்தியது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று நாகரிகமாக இருந்துவிட்டேன்.

நாகரிகம் அதோடு நிற்கவில்லை. ஏழு படங்களையும் போனில் எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் கீழக்கரைப் பாய். திரையில் மாலையோடு ஏழு முகங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏழு பேரும் ஒரே ஆக்சிடெண்டா தம்பி?"

"இல்ல பாய். ஒவ்வொருத்தரா..." என்றேன்.

"இன்னா லில்லாஹி... பத்து தினார் ஆவும். நீங்க ஒம்போது குடுங்க."

வெள்ளிக்கிழமை விழா. வரலாற்றை வாசித்தேன், கைதட்டல் பலமாக இருந்தது. தேவசகாயம் அண்ணன் பார்த்து ஓகே செய்த பக்கங்கள் அத்துடன் முடிந்தன. அடுத்தது என் சர்ப்ரைஸ். கயிற்றை இழுத்தேன். எட்டடி ஃப்ளெக்ஸ் சரசரவென்று இறங்கியது. கண்ணீர் அஞ்சலி. ஏழு முகங்கள், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

"மறைந்த இந்த மாமனிதர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்!"

ஹால் எழுந்து நின்றது. (கௌரவமாக ஒருவன் சொன்னால் நம் ஜனம் முதலில் எழுந்துவிடும், யோசனை அப்புறம்தான்.) தேவசகாயம் அண்ணன் மேடையை நோக்கி விரைந்தார்.

அந்த நிசப்தத்தில், ஃப்ளெக்ஸுக்குப் பின்னாலிருந்த திரைக்குள்ளிருந்து கேட்டது: "டும்... டும்... டும் டும்..."

முன்வரிசை அக்கா ஒருவர் "ஏசப்பா!" என்று அலறி நாற்காலியோடு சாய்ந்தார்.

விஷயம் இதுதான். தேவசகாயம் அண்ணனும் ஒரு சர்ப்ரைஸ் வைத்திருந்தார். குழுவின் முதல் பேஸ் பாடகர் பொன்னையா அண்ணாச்சி, நர்ஸ் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். வரலாறு முடிந்து ஹால் அமைதியானதும் திரைக்குள்ளிருந்து பாட ஆரம்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஹால் அமைதியானது. அவர் ஆரம்பித்துவிட்டார்.

திரையை விலக்கி வெளியே வந்தவர், திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். அதில் இரண்டாவது வரிசைப் படத்தில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே தேவசகாயம், நான் எப்பவே செத்தேன்?"

அதே சமயம் தேவசகாயம் அண்ணனின் போன் அடிக்க ஆரம்பித்தது. விழாவை ஊரிலிருந்த மற்ற ஆறு பேரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை விவகாரம் அப்புறம்தான் புரிந்தது. கேன்சலில் ஊருக்குப் போகிறவருக்குக் கடைசி நாளில் மாலை போடுவார்கள். பெட்டியில் முப்பது கிலோவுக்கு மேல் ஒரு நூல்கூட ஏறாது. அதனால் போகிறவர் அதைத் தன் கையாலேயே கழற்றித் தன் படத்தில் மாட்டிவிட்டுப் போவார்.

மேடையில் நின்ற நிமிடத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வேலை, விசா, அடுத்த வாரமே அரியலூர், மேடையேறப் போகிறேன் என்று அப்பாவிடம் அடித்த பெருமை எல்லாம் கண்ணுக்குள் ஓடின. "ஐயா, மன்னிச்சுடுங்க" என்று காலில் விழப் போனேன்.

அண்ணாச்சி தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஏலே, நெஞ்சக் கிழிச்சு ஆப்பரேசன் பண்ணும்போதுகூட நான் சாவலலே. நீ ஒத்தக் கயித்த இழுத்து முடிச்சிட்டியே!" அவர் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. ஹால் மொத்தமும் சிரித்தது. சாய்ந்த அக்காவும் எழுந்து சிரித்தார். அண்ணாச்சி அப்படியே தேவசகாயம் அண்ணன் பக்கம் திரும்பினார். "இந்தப் பயல விட்ராதீரும் வே. முப்பது வருசத்துல ஒரு தேதி தப்பில்ல. ஏழு உசுருதான் தப்பு."

பிறகு ஐவராக, அந்தக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸின் முன்னாலேயே நின்று பாடினார்கள். அன்றுதான் எனக்கு ஜாஸ் பிடித்தது.

என் விசா மாறியது. கையெழுத்துப் போடும்போது தேவசகாயம் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஆபீஸ்ல யாரு லீவுல போனாலும் நீ ஒண்ணும் பிரிண்ட் எடுக்கப்பிடாது." ஃப்ளெக்ஸை அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தூத்துக்குடி மொட்டை மாடியில் அவருடைய முகத்தின் மேல்தான் இப்போது வடகம் காய்கிறது. வருடா வருடம் போட்டோ வரும். போன லீவில் அப்பாவின் படத்தைப் பிரேம் போடலாம் என்று ஆரம்பித்தேன். "பிரேம் போடு. அதோட நிறுத்திக்க" என்றார் அப்பா.

விழா முடிந்த மறு வாரமே கீழக்கரைப் பாயின் கடைக்குப் போய், அனுதாபத்தில் அவர் குறைத்த ஒரு தினாரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆக மொத்தம் பத்து தினார்.