தவிட்டுக் கிடங்கில் பூனைப் பந்தி

செங்கற்பட்டு மாவட்டம் முழுவதிலும் பூனைக்குச் சோறு போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தாம் இருந்தார். மற்றவர்கள் பூனைக்குப் பால் ஊற்றினார்கள், அல்லது மிச்சம் மீதியை எறிந்தார்கள், அல்லது விரட்டினார்கள். இம்மூன்றும் சோறு போடுதல் ஆகா என்பது அவருடைய கொள்கை. அவரை நாங்கள் நைனா என்று அழைத்தோம்.

நைனாவைப் பற்றிக் காக்களூர்ப் பக்கத்தில் கதைகள் பல உலவுவதால், ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். என் கண்ணால் கண்டதையும் அவர் வாயிலிருந்து நேரே கேட்டதையும் தவிர வேறெதையும் எழுதப் போவதில்லை. அவரைப் பற்றிப் பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லை. சொன்னால் ஆள் சிறுத்துப்போவார். பூனைகளுக்கு அவர் வாழையிலை போட்டுப் பரிமாறினார் என்பார்கள். தவறு. மந்தாரை இலைதான் போட்டார். முப்பது பூனைகள் வளர்த்தார் என்பதும் தவறு. ஒரே சமயத்தில் ஒன்பதுக்கு மேல் நான் எண்ணியதில்லை. உண்ணுமுன் பூனைகள் அவரை வணங்கின என்பது வீண் கதை. அவர்தாம் பூனைகளை வணங்கினார். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் மாட்டுத் தீவனம் அரைக்கும் சிறிய ஆலை ஒன்று இருந்தது. தமிழ் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்த நான், அறுபதுகளின் இறுதியில் அங்கே எழுத்தராகச் சேர்ந்தேன். நைனா கிடங்குக்குப் பொறுப்பாளர். கிடங்கில் தவிடு, பிண்ணாக்கு, உடைத்த சோளம் என்று கூரை முட்ட மூட்டைகள் கிடந்தன. எலிகளும் கிடந்தன. அந்த எலிகள் எங்களைக் கண்டு ஓடியதே இல்லை. சற்று ஒதுங்கி வழிவிட்டன, அவ்வளவுதான். தீவனம் வாங்கியவர்கள் ஓட்டைச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று வசை பாடவே, முதலாளி பூனைகளை வரவழைத்தார்.

உழவர்களுக்கு நாங்கள் ஒரு துண்டறிக்கை அச்சிட்டு வழங்குவது வழக்கம். கன்றுக்கு எவ்வளவு, சினை மாட்டுக்கு எவ்வளவு, கறவைக்கு எவ்வளவு, கிழமாட்டுக்கு எவ்வளவு என்று பருவந்தோறும் தீவன அளவு அதில் இருக்கும். ஒருநாள் அதைச் சரிபார்ப்பதற்காக நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். நைனா கதவோரம் நின்று முழுவதையும் கேட்டார்.

"மாட்டுக்கு இத்தினி ரூலு கீதே சார், பூனை இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார்.

பூனைகளுக்கான விதிகள் அன்று தொடங்கின.

எள்ளு என்ற கறுப்புப் பூனை பிண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு குட்டிகள் ஈன்று, ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டது. நைனா என் மேசைக்கு வந்து, பேனாவுக்கு மை நிரப்பும் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தார்.

"இத்த ஒரு மாசத்துக்குக் குடு சார்."

"மை நிரப்பவா?"

"பால் நெரப்ப."

குழாயை மூன்று முறை கொதிநீரில் போட்டு எடுத்தார். ஆட்டுப்பாலில் வெந்நீர் கலந்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். குட்டியைப் பிடித்துக்கொள்ளும் பணி எனக்கு வாய்த்தது. மனிதக் குழந்தையை ஏந்துவதுபோல் அதை மல்லாத்தி ஏந்தினேன். நைனா போட்ட கூச்சலில் அரவை இயந்திரம் நின்றுவிட்டதோ என்று ஐயுற்றேன்.

"அய்யய்யோ, மல்லாக்க புடிக்காத சார்! பொரையேறிப் பூடும்! கவுத்துப் புடி, தாய்கிட்ட குடிக்கிறாப்ல. அது இன்னா உன் புள்ளயா, தாலாட்டிக்கினு கீற?"

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால். ஒவ்வொரு தரமும் குடித்து முடித்தபின், ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிடவேண்டும், தாய் நக்குவதைப்போல. அந்த ஒரு மாதம் நான் அலுவலகக் கடிதங்கள் அனைத்தையும் பென்சிலால் எழுதினேன். குட்டி பிழைத்தது. குழாய் எனக்குத் திரும்பவில்லை.

ஒரு மாதம் ஆன குட்டிக்கு, வேகவைத்து மசித்த மீன், நாளைக்கு நான்கு வேளை. ஆறு மாதத்தில் மூன்று வேளை. வளர்ந்து வேலைக்கு வந்துவிட்ட பூனைக்குக் காலையும் மாலையும். இதில் அரவை இயந்திரத்து மேஸ்திரிக்கு உடன்பாடு இல்லை.

"பட்டினி போட்டாதான் நைனா பூனை எலி புடிக்கும்" என்பார் அவர்.

"பட்டினி கெடக்கிற பூனை ஒரு எலியப் புடிச்சித் துன்னுட்டுத் தூங்கும் மேஸ்திரி. வயிறு ரொம்பின பூனை சும்மா வெளையாட்டுக்குப் பத்து புடிக்கும். நீ நாஷ்டா துன்னாம மூட்ட தூக்குவியா?"

"நான் இன்னா பூனையா?"

"பூனையா இருந்தா இத்தினி பேச மாட்ட."

சினையான பூனைக்கு வேளை வரையறை கிடையாது, கேட்கும்போதெல்லாம் உணவு. எள்ளு முழுகாமல் இருக்கும் செய்தியை நைனா ஒவ்வொருவரிடமும் நேரில் சென்று தெரிவிப்பார். பின்னர் கிடங்கு வாசலில் லாரிகள் ஒலியெழுப்பக்கூடாது. முதலாளியின் மகளுடைய வளைகாப்பு அதே மாதத்தில் நடந்தது. அதைப் பற்றி ஆலையில் இவ்வளவு பேச்சு இல்லை.

வளர்ந்த பூனைக்குப் பால் மட்டும் ஆகவே ஆகாது, அடிவயிற்றைக் கலக்கிவிடும் என்பது நைனாவின் அசையாத முடிவு. யாரும் நம்பவில்லை. பூனை என்றால் பால் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு விதி செய்தார்: பால் ஊற்றியவரே மறுநாள் சாம்பல் தூவிப் பெருக்கவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளியே வீட்டிலிருந்து வெள்ளி டம்ளரில் பால் கொணர்ந்து, ஐந்து பூனைகளுக்குப் பயபக்தியுடன் ஊற்றினார். மறுநாள் காலை நைனா விளக்குமாறும் சாம்பல் வாளியுமாக முதலாளியின் அறை வாசலில் நின்றார்.

"இன்னா நைனா?"

"ரூலு மொதலாளி. அஞ்சு எடத்துல கீது. ஒண்ணு உங்க நாற்காலிக்கு அடியிலயே கீது."

முதலாளி நைனாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் சாம்பல் தூவியதை நான் கண்ணால் கண்டேன்.

மீன் கொண்டுவருபவர் பழவேற்காட்டுப் பக்கத்து அம்மாள் ஒருவர். ஏரியில் பிடித்த மீனைக் கூடையில் சுமந்து, முதல் பேருந்தில் திருவள்ளூர்ச் சந்தைக்கு வருவார். நைனாவுக்காகக் காக்களூர் வரை நடப்பார். காரப்பொடி என்னும் விரல் நீளச் சிறு மீனைத்தான் நைனா வாங்குவார்.

"இன்னா நைனா, பாத்துப் பாத்துப் பொறுக்கிற, ஊட்டுல விருந்தா?"

"பூனைக்கும்மா."

"அப்ப உனுக்கு?"

"எனுக்கு அந்தக் கருவாடு ரெண்டு போடு."

"அட இன்னா மனுசன்யா நீ! கருவாட்டப் பூனைக்குப் போட்டுட்டு மீன நீ துன்னுவியா, மாத்திச் சொல்றியே!"

"கருவாட்டுல உப்பு சாஸ்திம்மா. பூனைக்கு ஆவாது."

"உனுக்கு ஆவுமா?"

"நான் இன்னா எலியா புடிக்கப் போறேன்?"

இனிப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆலைக்கு முதன்முதலில் வந்த பூனை அவள். பூனையை 'அது' என்று எழுதுவதே முறை என்பதை அறிவேன். இவள் விஷயத்தில் மட்டும் கை ஒப்பவில்லை. நான் சொல்லும் காலத்தில் அவளுக்கு ஒரே ஒரு பல் மிஞ்சியிருந்தது. அதுவும் எதன்மேலும் பொருந்தாமல் தனித்து நின்றது. மோப்பமும் மங்கிவிட்டது. ஆகவே அவளுக்கு உணவு சூடாக இருக்கவேண்டும். சூட்டில்தான் வாசனை எழும். காவலாளியின் தேநீர்க் கெண்டி மூடியின்மேல் நைனா மந்தாரை இலையை வைத்து, மீனை இளஞ்சூடாக்குவார். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு துணுக்காக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முள் நீக்குவார். காரப்பொடியில் சதையைவிட முள்தான் மிகுதி. ஐந்து மீனுக்கு அரைமணி நேரம் ஆகும். அந்த ஆண்டு அவர் கண்களிலும் புகை படரத் தொடங்கியிருந்தது. சாக்குச் சீட்டுகளை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்வார்.

அப்போதுதான் புதிய மேலாளர் வந்தார். சென்னையிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்துபோகும் மனிதர். தடித்த மூக்குக்கண்ணாடி. ஒரு மூட்டையில் ஒரு தையல் தப்பியிருந்தாலும் மூட்டையைப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்வார். கொடியவர் அல்லர், குறையைக் கண்டால் அவருக்கு விரல் சும்மா இருக்காது, அவ்வளவே. வந்த மூன்றாம் நாள் பெரியம்மா அவர் கண்ணில் பட்டாள்.

"இது என்ன வேலை பண்ணுது?"

"சூப்பர்வைசர் சார்" என்றார் நைனா.

"சூப்பர்வைசர் என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ண மாட்டாரு சார். இருப்பாரு."

அருகில் நின்ற எங்கள் மேற்பார்வையாளர் அன்று முழுவதும் நைனாவோடு பேசவில்லை. மேலாளர் சிரிக்கவும் இல்லை. "எலி பிடிக்கிற பூனை இருக்கட்டும். இது வேண்டாம். சனிக்கிழமை லாரி ஊத்துக்கோட்டைக்குப் போகுது. சாக்கில போட்டு வழியில காட்டில விட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

ஒற்றைப் பல்லோடு காட்டில் விடப்பட்டால் இரண்டு நாள்கூடத் தாங்கமாட்டாள் என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவோம்.

மறுநாள் காலை, பெரியம்மாவின் முன்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு. நைனா மேலாளரை அழைத்துக் காட்டி, "வயசானாலும் கை பழகின வேல சார்" என்றார். மேலாளர் புருவத்தை உயர்த்தினார். மூன்றாம் நாள் அவர் குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, எலியை வாலைப் பிடித்துத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்தில நேர்கோடா ஒரு கம்பித் தடம் இருக்கு. இது எலிப்பொறியில மாட்டின எலி."

நைனாவும் எலியை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "பொறிய வெச்சதே பெரியம்மாதான் சார்" என்றார்.

அது எடுபடவில்லை. சனிக்கிழமை வந்தது.

காலை பத்து மணிக்கு லாரி ஓட்டுநர் ஒரு காலிச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றார். மேலாளரும் வந்துவிட்டார். நைனா தரையில் அமர்ந்து மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன?" என்றார் மேலாளர்.

"துன்னுட்டுப் போவட்டும் சார். வெறும் வயித்தோட வண்டி ஏத்தக்கூடாது."

"சரி, சீக்கிரம்."

மூன்று மீன்கள் முடிந்திருந்தன. முள் நீக்கிய சதையை இலையின் ஒரு பக்கம் குவித்து, நைனா பெரியம்மாவின் முன் தள்ளினார். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியம்மா முகர்ந்தாள், குனிந்தாள்.

"நில்லு, நில்லு, நில்லு!"

மேலாளர் பாய்ந்து குந்தினார். பெரியம்மாவின் நெற்றியை ஒற்றை விரலால் பின்னுக்குத் தள்ளி, குவியலிலிருந்து தலைமயிர் பருமனில் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன?"

"முள்ளா சார்? எனுக்குத் தெரீலயே."

"இதை முழுங்கியிருந்தா என்ன ஆகும்?"

"தொண்டயில மாட்டிக்கும் சார்."

"மாட்டிக்கிட்டா?"

"செத்துப்பூடும் சார்."

மேலாளருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. "அப்போ பார்த்துப் போட வேண்டாமாய்யா? அதுவும் ஒரு உயிர்தானே?"

ஓட்டுநர் கையிலிருந்த சாக்கு வாயைத் திறந்தபடியே இருந்தது. நைனா, மீதியிருந்த இரண்டு மீன்களோடு இலையை மெல்ல மேலாளர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ரெண்டு கீது சார். என் கண்ணுக்கு ஆவல."

மேலாளர் இலையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். முதலில் குவியல் முழுவதையும் மறுபடி துழாவினார். பிறகு இரண்டு மீன்களையும் பிரித்தார். பெரியம்மா பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இதில் அவசரம் எதுவும் இல்லை.

வெகுநேரங் கழித்து ஓட்டுநர், "சார், சாக்கு?" என்றார்.

"தவிடு கட்டுய்யா" என்றார் மேலாளர், தலை நிமிராமல்.

அதன்பின் நாள்தோறும் ரயிலிலிருந்து இறங்கியதும் அவர் நேரே கிடங்குக்குப் போவார். கோப்புகள் காத்திருக்கும். நைனா பக்கத்தில் உட்கார்ந்து, "சார், சதயும் சேத்து எடுக்குறீங்க, பேஜாரா கீது" என்று திருத்துவார். மேலாளர் திருத்திக்கொள்வார். பெரியம்மா மேலும் இரண்டு மழைக்காலங்களைக் கண்டாள். ஒரு பகற்பொழுதில், தவிட்டு மூட்டையின்மேல் உறக்கத்திலேயே போனாள். அன்று மாலைவரை அந்த மூட்டையை எவரும் நகர்த்தவில்லை.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிடுவதே நேர்மை. நைனாவின் இயற்பெயர் எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டிலும் நைனா என்றே இருந்தது. அந்த முள் அங்கே எப்படி வந்தது என்பதும் தெரியாது. அத்தனை ஆண்டுகளில் அவர் கையிலிருந்து ஒரு முள் தப்பி நான் கண்டதில்லை. அந்த ஆண்டு அவர் கண் மங்கியிருந்ததும் மெய். பெரியம்மா இலையை நோக்கிக் குனிந்தபோது நைனாவின் இடக்கை அவள் பிடரிமேல் இருந்தது. அதையும் நான் கண்டேன். தடவிக்கொண்டிருந்தாரா, வாய் வைக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாரா என்று மட்டும் என்னால் சொல்ல இயலாது.