ஆயுள் உத்தரவாதக் கத்தி

நிலம் அளக்க வந்தவர்கள் முள்ளுக்குப் பயந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டதால் எந்த வரைபடத்திலும் ஏறாமல் போன நாடு இண்டமலை. அங்கே இண்டங்கொடிதான் மூத்த குடி. கொக்கி கொக்கியாக முள் வைத்த அந்தக் கொடியைச் சில நாள் கவனிக்காமல் விட்டால் பாதையை மூடும். இன்னும் சில நாள் விட்டால் வாசலையே மூடும். ஆகவே இண்டமலையில் அடுப்பெரியாத வீடுகூட இருந்தது, கத்தி இல்லாத வீடு இருந்ததில்லை.

அந்தக் கத்திகளை அரண்மனைப் பட்டறை மட்டுமே செய்து கொடுத்தது. எல்லாவற்றுக்கும் ஆயுள் உத்தரவாதம் உண்டு. முனை ஒடிந்தாலும் பிடி கழன்றாலும் பட்டறையில் கொடுத்தால் போதும், சரிசெய்து தரப்படும். “உங்கள் கத்தி, எங்கள் கவலை” என்று சொல்லித்தான் தலைவர் முதன்முதலில் பதவிக்கு வந்தார். இத்தனை அக்கறையுள்ள அரசு இருக்கும்போது வெளியில் கொல்லர்கள் எதற்கு? அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி உலைகளை அணைத்தார்கள். வீட்டில் கத்தி தீட்டுவதும் தடை செய்யப்பட்டது; கல் பட்ட கத்திக்கு உத்தரவாதம் கிடையாது.

இண்டமலையில் தேர்தலும் கத்தியால்தான். மைதானத்தில் மக்கள் கூடுவார்கள், தலைவருக்குச் சம்மதமா என்று கேட்கப்படும், சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் கத்தியை உயர்த்திச் சொல்ல வேண்டும். யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாதென்பதால் உறையோடு உயர்த்துவதே வழக்கம். வெறுங்கையை உயர்த்துவது மைதானத்துக்கு அவமரியாதை.

காட்டோரத்தில் சிலம்பாயி என்றொரு பெண் இருந்தாள். அவள் மகள் முத்தரசியை முட்புதருக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. முத்தரசிக்கு இது தலைப்பிரசவம். மருத்துவச்சி இருப்பது இந்தப் பக்கம். நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையை வெட்டித் திறந்துவைத்தால்தான் மகள் தாய்வீடு வர முடியும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான், கொடிக்குள் மறைந்திருந்த பாறையில் பட்டு சிலம்பாயியின் கத்தி முனை ஒடிந்தது. கத்தியின் வெட்டுவாயிலும் ஒரு பல் விழுந்தது.

அவள் கவலைப்படவில்லை. உத்தரவாதம் இருக்கிறதே.

பட்டறையின் உத்தரவாத அதிகாரி வெண்கொற்றனார் கத்தியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

“அம்மணி, இந்தக் கத்தி பயன்படுத்தப்பட்டிருக்கிறது.”

“வெட்டத்தானுங்க கத்தி?”

“அரசு உங்களுக்குக் கத்தியை வழங்கியது. வெட்டச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை. போகட்டும், கருணையோடு பரிசீலிப்போம். இதை உடைத்தது எது?”

“இண்டங்கொடி வெட்டும்போது உடைஞ்சுதுங்க.”

“அப்படியானால் அந்தக் கொடியையும் இங்கே ஆஜர்படுத்த வேண்டும். புதிய ஆணை.”

“கத்தி இல்லாம கொடிய எப்படிங்க வெட்டிக் கொண்டாரது?”

வெண்கொற்றனார் வருத்தத்தோடு தலையசைத்தார். “இதனால்தான் கத்தியைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று தலைவர் ஓயாமல் வலியுறுத்துகிறார்.”

சிலம்பாயி பக்கத்து வீட்டு ஒச்சப்பனிடம் போய் நின்றாள். அவன் தலையைச் சொறிந்தான். “குடுக்க மனசிருக்குக்கா. ஆனா கத்திய இரவல் குடுத்தா ரெண்டு பேரு உத்தரவாதமும் போயிருமாம். எம் பட்டிய முள்ளு மூடிருச்சுன்னா ஆடெல்லாம் செத்துரும்.” அவனைக் குறை சொல்ல முடியாது. பயப்படவைத்தவர்களை விட்டுவிட்டுப் பயந்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவள் கையாலேயே கொடியைப் பிய்த்தாள். உள்ளங்கை கிழிந்து, புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு முழக் கொடியோடு பட்டறைக்குப் போனாள். வெண்கொற்றனார் அதை முறைப்படி பார்வையிட்டு, கத்தியை வாங்கிச் சுவரில் மாட்டினார். சுவர் முழுக்கக் கத்திகள் தொங்கின.

“எப்பங்க கிடைக்கும்?”

“உரிய காலத்தில்.”

“எம் மவளுக்கு மாசம் நெருங்குதுங்க.”

“தங்கள் மகளுக்கு அரசின் வாழ்த்துகள்.”

உரிய காலம் என்பது எந்தக் காலம் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. ஒச்சப்பனின் கத்திப் பிடியும் கழன்று, அதுவும் சுவருக்குப் போனது. பாதையில் கொடி பின்னிக்கொண்டே வந்தது. முதலில் ஆள் நுழைய முடியாமல் போனது, பிறகு ஆடு, பிறகு குரல் மட்டும்தான் அந்தப் பக்கம் போய்வந்தது.

இதற்கிடையில் தேர்தல் வந்தது. தலைவர் பெருமிதத்தோடு இருந்தார். கத்தி உடைந்த ஒருவர்கூட இதுவரை தமக்கு எதிராக வாக்களித்ததில்லை என்று அவர் பேசியது முழு உண்மை. உடைந்த கத்தியெல்லாம் பட்டறையில் இருக்கும்போது அவர்கள் எதை உயர்த்துவார்கள்? ஆனால் ஒத்திகைக்கு மைதானத்தைப் பார்வையிட்டபோது அவருக்கே சங்கடமாகிவிட்டது. அமைச்சர்கள் கையில் மட்டும் கத்தி இருந்தது. மற்றவர்கள் வெறுங்கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“பார்க்க நன்றாக இல்லையே” என்றார் தலைவர்.

தேர்தல் நாள் காலையில் மைதான வாசலிலேயே எல்லாருக்கும் கத்தி திருப்பித் தரப்பட்டது. சந்தன நிறத்தில் புது உறை, குஞ்சலம் வைத்த பிடி. உறையும் பிடியும் சேருமிடத்தில் அரண்மனை முத்திரை பதித்த பெரிய ஆணி பளபளத்தது. சிலம்பாயிக்கு அழுகையே வந்துவிட்டது. “மறக்கலைடா, குடுத்துட்டாங்கடா” என்று ஒச்சப்பனிடம் சொன்னாள். சம்மதமா என்ற குரல் எழுந்தபோது, ஆறாத உள்ளங்கையால் பிடியை இறுக்கிப் பிடித்து எல்லாருக்கும் மேலாக உயர்த்தினாள். அவள் அன்று பொய்யாக உயர்த்தவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சாயங்காலம் பாதையோரம் போய் நின்று கத்தியை உருவினாள். வரவில்லை. காலில் மிதித்து இழுத்தாள். அப்போதும் வரவில்லை. ஆணி உறையையும் பிடியையும் ஒன்றாக வைத்து இறுக்கியிருந்தது.

விடிந்ததும் வெண்கொற்றனாரிடம் ஓடினாள். அவர் அமைதியாக விளக்கினார்.

“இது மேம்படுத்தப்பட்ட கத்தி அம்மணி. இனி முனை ஒடியாது, வாய் மழுங்காது. உத்தரவாதத்தை இதைவிடச் சிறப்பாக யாரால் நிறைவேற்ற முடியும்?”

“உருவ வரலீங்களே! வெட்டாத கத்திய வச்சு நான் என்ன செய்ய?”

“நேற்று மைதானத்தில் உயர்த்தினீர்களே, அப்போது ஏதாவது குறை தெரிந்ததா?”

குறை தெரியவில்லைதான்.

வீட்டுக்கு வந்தபோது புதருக்கு அந்தப் பக்கமிருந்து மருமகன் கத்திக்கொண்டிருந்தான். “அத்தை! அவளுக்கு வலி கண்டிருச்சு அத்தை! மருத்துவச்சிய அனுப்புங்க! எங்க ஊர்க் கத்தியெல்லாம் பட்டறைச் சுவர்லதான் தொங்குது! கத்தி வந்திருச்சுன்னு சொன்னாங்களே, இன்னுமா வெட்டலை?”

மருத்துவச்சி வந்து நின்றாள். முன்னால் முள். சிலம்பாயி குனிந்து ஓடைக் கல் ஒன்றை எடுத்தாள்.

ஒச்சப்பன் பதறினான். “அக்கா, முத்திரை மேல அடிக்காதீங்க! உத்தரவாதம் போயிரும்!”

“போனாப் போகுதுடா. எம் மவ போயிரக் கூடாது.”

அடித்தாள். ஆணித் தலை நசுங்கியது. மறுபடி அடித்தாள், மறுபடியும் அடித்தாள், உறை பிளந்து விழுந்தது. உள்ளே இருந்தது அவள் கொடுத்த அதே கத்தி. முனை ஒடிந்த இடத்தில் ஒடிந்தபடி, பல் விழுந்த இடத்தில் விழுந்தபடி, கொடியின் பால்கறைகூடக் காய்ந்து ஒட்டியிருந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவே இல்லை.

சிலம்பாயி அந்தக் கல்லிலேயே கத்தியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். விரலால் கத்தி வாயைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடியில் ஓங்கிப் போட்டாள். முனையில்லாத கத்திதான். வெட்டியது.

இது அன்றைக்கே வெட்டியிருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கல் போதுமாக இருந்தது. “வர்றோம் மாப்ள, அவள தைரியமா இருக்கச் சொல்லுங்க!” என்று கத்திக்கொண்டே அடுத்த கொடியை வெட்டினாள்.

ஒச்சப்பன் கொஞ்ச நேரம் தன் கத்தியின் முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓடையில் இறங்கிக் கல் தேட ஆரம்பித்தான்.