துவக்கி வைக்கப்பட்ட கம்ப்யூட்டர்

இந்தியாவில் தயாராகும் ஜாடிகளுக்கெல்லாம் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று கண்காணிக்க மத்திய அரசுக்கு ஓர் இயக்ககம் உண்டு. டெல்லியில் அதன் நான்காம் பிரிவில் நான் கிளார்க். பெயர் வேணு. 2003 மார்ச்சில் எங்கள் பிரிவின் ஒரே கம்ப்யூட்டருக்கு ஏற்பட்ட கோளாறும், அதை நீக்க உரிய வழியில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளும் பொதுமக்களின் தகவலுக்காக இதன்மூலம் தெரிவிக்கப்படுகின்றன.

முதலில் என் சங்கதி. என் மனைவி ராஜிக்குத் திருச்சியில் டீச்சர் வேலை. எனக்குக் கரோல் பாகில் மொட்டை மாடியில் ஒற்றை அறை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை என் லீவு ரிஜிஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் திருச்சிக் கிளையில் ஓர் இடம் காலியாகி, என் மாற்றல் மனுவில் டைரக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆர்டரை அடித்து அனுப்புவதுதான் பாக்கி. மார்ச் 31 மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சொந்த விருப்ப மாற்றலுக்கு ஒரு வருஷம் தடை.

ஆர்டரைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும். அது அப்போதைய மோஸ்தர். டைப்ரைட்டர்களை ஏலம் விட்டாயிற்று. ‘கணினிமயமாக்கப்பட்ட அலுவலகம்’ என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் வாசலில் பித்தளைப் பலகை மாட்டியாயிற்று. அதற்கப்புறம் கையால் எழுதிய கடிதம் வெளியே போனால் பலகைக்கு என்ன மரியாதை?

அந்தக் கம்ப்யூட்டர், பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். தட்டினால் எழுந்துகொள்ளும். ஆனால் எழுந்த பிறகு ஓர் எழுத்தை அழுத்திவிட்டு, கீழே போய் டீ குடித்து வந்தால்தான் அந்த எழுத்து திரையில் வந்து விழும். டீ குடித்து வருவதற்குள் மறுபடி தூங்கியிருக்கும். எங்கள் பிரிவில் டைப் தெரிந்த ஒரே ஜீவன் ஜனக்புரியிலிருந்து வரும் விசாலாக்ஷி மேடம். மார்ச் பத்தாம் தேதி என் ஆர்டரில் தேதியை அடித்தார். சாயங்காலம் வரை தேதி மட்டும்தான் இருந்தது. மறுநாள் அது பழைய தேதி ஆகிவிட்டதால் அழிக்க வேண்டியதாயிற்று. அழிக்க ஒரு நாள் பிடித்தது.

பிரிவு அதிகாரி ராஜகோபாலனிடம் போய் நின்றேன். கரோல் பாகில் பிறந்து, புசா ரோடில் படித்து, ஆக்ராவுக்குத் தெற்கே கால் வைக்காதவர்.

“சார், ரிப்பேருக்கு ஆள் கூப்பிடலாமே?”

“அச்சா, கூப்பிடுவோம். ஜல்தி பண்ணாதீங்கோ வேணு. எதுக்கும் ஒரு முறை இருக்கோன்னோ?”

முறைப்படி இருபதாம் தேதி ஓர் இன்ஜினீயர் பெண் வந்தாள். கவிப்ரியா என்று பெயர். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பாதி, இந்தி பாதி.

“அங்கிள், இதை லாஸ்ட்டா எப்ப ஆஃப் பண்ணீங்க?”

ராஜகோபாலன் அதிர்ந்துபோனார். “ஆஃபா? ஜாயிண்ட் செக்ரட்டரி துவக்கி வெச்ச மெஷினம்மா இது! ஒண்ணேகால் வருஷமா நிக்காம ஓடிண்டிருக்கு.”

“கரண்ட் போனா?”

“அதுக்குன்னு தனியா ஜெனரேட்டர் வாங்கியிருக்கோம்.”

“அதான் ப்ராப்ளம். மெமரி ஃபுல்லா அடைச்சுக்கிட்டு இருக்கு. தூங்கி எழுந்தா திணறுது. ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா போதும், டீக் ஹோ ஜாயேகா, சரியாயிடும்.”

அவள் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனாள். விசாலாக்ஷி மேடம் குறுக்கே பாய்ந்தார். பின்னே? ஜாயிண்ட் செக்ரட்டரி நேரில் வந்து, தேங்காய் உடைத்து, தம் ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவர் துவக்கியதை நிறுத்த மற்றவர்களுக்கு ஏது அதிகாரம்? விளக்கம் கேட்டு நிர்வாகப் பிரிவுக்குக் கோப்பு போயிற்று. எங்கள் இயக்ககம் இதுவரை கண்டிராத வேகத்தில் இரண்டே மணி நேரத்தில் பதில் வந்தது: ‘துவக்கி வைத்தவர் எவரோ அவரே நிறுத்தி வைக்கவும் தகுதியுடையவர்.’ ஜாயிண்ட் செக்ரட்டரியோ வேறு அமைச்சகத்துக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. அதையும் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும்.

“சரி, தூங்காம இருக்கற மாதிரி செட்டிங்காவது மாத்தட்டுமா?” என்றாள் கவிப்ரியா.

“கூடாதும்மா. துவக்க விழா அன்னிக்கு எந்த நிலைமையில இருந்ததோ, அதே நிலைமையில பாதுகாக்கணும்.”

“அப்ப யாராவது பக்கத்துல உக்காந்து மௌஸை ஆட்டிக்கிட்டே இருங்க!”

கோபத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ராஜகோபாலன் அதை ‘நிபுணரின் பரிந்துரை’ என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

ஆட்டுவதற்கு நானே முன்வந்தேன். ஆர்டர் எனக்கல்லவா? ஒன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மௌஸை அசைக்க வேண்டும். அதற்கு ஒரு ரிஜிஸ்டர். அதில் நேரத்துக்கு ஒரு பத்தி, இடமா வலமா என்பதற்கு ஒரு பத்தி. நான் சாப்பிடும்போது அசைக்க ஒரு மாற்று ஆள். அரை நாள் தொடர்ந்து விழித்திருந்ததில் மெஷின் தெளிந்துவிட்டது. எழுத்துகள் அழுத்தின சூட்டோடு விழுந்தன. சேதி பரவி, மற்றப் பிரிவினர் வந்து பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் இரண்டு பேரைப் போட்டார்கள். ஆறாம் பிரிவில் கம்ப்யூட்டரே கிடையாது. அங்கேயும் ஓர் ஆளை நியமித்து மௌஸ் மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் அதிகமாக அசைத்திருப்பது ஏன் என்று தணிக்கையில் கேள்வி வந்தது. இனிமேல் சமமாக அசைக்கப்படும் என்று உறுதி கூறினோம்.

மார்ச் 31 பிற்பகல். வருஷக் கடைசிக் கணக்குகளெல்லாம் முந்திக்கொண்டதில், என் முறை அன்றைக்குத்தான் வந்தது. விசாலாக்ஷி மேடம் என் ஆர்டரை அடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அசைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் கூட எடுத்துவிட்டேன். ராஜகோபாலன் திரையை எட்டிப் பார்த்தார்.

“வேணு, நீங்க போயிட்டா மௌஸை யார் ஆட்டறது?”

“யாரு வேணா ஆட்டலாம் சார்.”

“அனுபவம்? ரிஜிஸ்டரைப் பாருங்கோ. நீங்க உக்காந்ததுலேர்ந்து ஆபீஸ் நேரத்துல ஒரு தடவைகூட மெஷின் கண் அசரலை. டைரக்டரே பாராட்டியிருக்கார்.”

கோப்பு டைரக்டரிடம் போய் அரை மணியில் திரும்பியது. ‘இவரது சேவை இன்றியமையாதது. மாற்றல் ரத்து செய்யப்படுகிறது.’ ரத்து உத்தரவை மேடம் ஒன்றரை நிமிஷத்தில் அடித்து முடித்தார். அசைத்துக்கொடுத்தது நான்தான்.

குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். திரை இருண்டது. மேடம் ‘ஐயையோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டார். செய்த காரியம் உறைத்தது. அவசரமாகப் பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நிமிஷத்தில் மெஷின் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி பளிச்சென்று வந்து நின்றது. மேடம் ஓர் எழுத்தை அழுத்தினார். விழுந்தது. வேண்டுமென்றே கால் மணி தூங்கவிட்டு எழுப்பினோம். அப்போதும் விழுந்தது.

மணி நாலே முக்கால்.

“சார், இனிமே மௌஸை ஆட்ட ஆளே வேண்டாம். ரத்தை ரத்து பண்ணிடுங்க. இன்னும் முக்கால் மணி இருக்கு!”

ராஜகோபாலனுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. “நியாயம்தான். ஆனா இப்போ இந்த மெஷினைத் துவக்கி வெச்சது யாரு?”

பொத்தானை அழுத்திய என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

“விளக்கம் உங்களுக்கே தெரியும். நீங்க திருச்சிக்குப் போயிட்டா இதை நிறுத்தற தகுதி யாருக்கு இருக்கு, சொல்லுங்கோ?”

ஐந்தரைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன்.

ஏப்ரலில் கம்ப்யூட்டர் பறந்தது. எட்டுப் பேர் கொண்ட பிரிவின் இரண்டு வருஷ பாக்கியை மேடம் மூன்று நாளில் முடித்துவிட்டார். நான்காம் நாள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இது மேலிடத்தின் கவனத்துக்குச் சென்றது. ஏழு பேர் உபரி என்று கண்டறியப்பட்டு, பொதுநலன் கருதி மாற்றப்பட்டார்கள். பொதுநலனுக்குத் தடை கிடையாது. விசாலாக்ஷி மேடத்துக்குக் கௌஹாத்தி. ராஜகோபாலனுக்குத் திருச்சி; அங்கேதான் ஓர் இடம் காலியாக இருந்ததே! ஆர்டர்களை மேடமே அடித்தார், தம்முடையதையும் சேர்த்து. நிறுத்தும் தகுதியுடையவன் என்ற முறையில் நான் மட்டும் டெல்லியில் தக்கவைத்துக்கொள்ளப்பட்டேன்.

ராஜகோபாலன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வேணு, திருச்சியில சோலே பட்டூரே கிடைக்குமா? இந்த மெஷினைப் பழையபடி கொஞ்சம் மெதுவாக்க முடியாதா?”

“மனுவா எழுதிக் குடுங்க சார். பார்க்கறேன்” என்றேன். சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது.

மே மாதம் ராஜி போன் செய்தாள்.

“உங்க ராஜகோபாலன் சார் நம்ம மாடி போர்ஷனுக்குக் குடி வந்துட்டாருங்க. நல்ல மனுஷன். இங்க ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் தூங்குதாம். அனுபவம் உள்ள ஆளு வேணும்னு உங்க பேரைச் சொல்லி எழுதப்போறாராம். தடையெல்லாம் பொதுநலனுக்கு இல்லையாமே? மெஷினை நிறுத்தற உங்க பதவியை வேண்டாம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமாம். எப்ப வர்றீங்க?”

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். எட்டு மேஜை, எட்டு நாற்காலி, அத்தனைக்கும் அதிகாரி நான். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“கோரிக்கை பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது” என்றேன்.

“நீங்க பரிசீலிச்சுக்கிட்டே இருங்க. நான் ஃபைலை மூடிட்டேன்” என்று சொல்லி ராஜி போனை வைத்துவிட்டாள்.