தரை துடைத்தவனும் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்களும்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இரண்டில் எது முதலில் தணிந்தாலும் ஒரு வரி எழுதிப் போடவும்.

போன முறை வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என் மகளைப் பற்றி ஒன்று கேட்டீர்கள். "இவ்வளவு படிக்க வச்சு, கடைசில தரை துடைக்கிற தண்ணியத்தானே விக்கிறா?" நான் துண்டை எடுத்து நீட்டினேன். ஆயுள் முழுக்க நிலம் அளந்து ஓய்வு பெற்றவன் நான், விற்பனையைப் பற்றி என்ன கண்டேன்? ஆனால் போன வாரம் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், அத்தான். பிளந்த வாய் இன்னும் மூடவில்லை. தங்களுக்கு எழுதினால்தான் மூடும் போலிருக்கிறது.

அன்று காலை மகள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி உங்கள் தங்கை, அதாவது என் மனைவி, என்னை விரட்டினாள். அலுவலக வாசலில் காவலாளி என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, "நேரா போய் கடைசிக் கதவு சார்" என்றார். நான் கடைசிக்கு முந்தைய கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு வீடு! அலுவலகத்துக்குள் முழு வீடு, அத்தான்! சோபா, சமையலறை, தண்ணீர் வரும் குழாய், சுவரில் ஒரு குடும்பப் படம், எதிரே ஆளுயரக் கண்ணாடி. விருந்தினர் அறை போலும் என்று நினைத்து, உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். கை தவறிக் கொட்டிவிட்டது. மூலையில் துடைப்பானும் வாளியும் பக்கத்தில் ஒரு புட்டியும் இருந்தன. மகள் மானத்தை வாங்கக் கூடாதே என்று புட்டியைத் திறந்து ஊற்றித் துடைத்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், மோந்தேன், இல்லை. மிச்சத்தையும் கவிழ்த்தேன். நுரை கிளம்பிக் கணுக்காலைத் தொட்டது, நான் வழுக்கிக்கொண்டே போய்க் கண்ணாடியைப் பிடித்து நின்றேன். நின்றதுதான் நின்றோம் என்று வாயைத் திறந்து பல்லைச் சரிபார்த்தேன், தலையைச் சீவினேன், சிரித்தால் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை சிரித்தும் பார்த்தேன்.

அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் முழுவதும் தெரியுமாம். வேறு வேறு தேசத்து இல்லத்தரசிகளை அழைத்து அந்த வீட்டில் தரை துடைக்கச் சொல்லி, அதிகாரிகள் அப்பால் அமர்ந்து கவனிப்பார்களாம். அன்று அழைத்திருந்த பெண்களும், மேலாளரும், என் மகளும் அந்த நேரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். என் கடைவாய்ப் பல்லை ஒரு சர்வதேசக் கூட்டமே பார்த்திருக்கிறது, அத்தான்.

கதவு திறந்தது. மகள் நின்றாள். "அப்பா! இங்க என்ன பண்றீங்க?"

"தண்ணி சிந்திடுச்சும்மா" என்றேன், நுரைக்கு நடுவில்.

அவள் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். நீலச் சட்டை போட்ட ஓர் அம்மாள் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கும் பெண் என்னிடம் திரும்பி, "எதுக்கு அத்தனை தடவை மோந்து பாத்தீங்கன்னு கேக்குறாங்க" என்றாள்.

"வாசனையே வரலியேம்மா. துடைச்சேன்னு சொன்னா வீட்டுல யார் நம்புவாங்க?"

அவ்வளவுதான் சொன்னேன். அதை அந்தப் பெண் பெயர்த்துச் சொன்னதும் நீலச் சட்டை அம்மாள் கைகொட்டிச் சிரித்தார். அவர் ஊரில் தரையில் வாசனை வந்தால், எதை மறைக்க இவ்வளவு ஊற்றினாய் என்று விருந்தாளி மனதுக்குள் கேட்பாராம். சுத்தம் என்றால் ஒன்றுமே மணக்கக் கூடாதாம். உடனே பக்கத்தில் நின்ற உயரமான அம்மாள் குறுக்கே பாய்ந்தார். அவர் ஊரில் துடைத்து முடித்ததும் ஜன்னலைத் திறந்து வைப்பார்களாம், வாசனை தெருவுக்குப் போய் எதிர் வீட்டுக்காரிக்கு உறைக்க வேண்டுமாம்! ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது, ஆனாலும் பிரமாதமாகச் சண்டை போட்டார்கள். மொழிபெயர்க்கும் பெண்ணுக்குத்தான் மூச்சு வாங்கியது.

இதற்குப் பிறகுதான், அத்தான், நான் சொல்ல வந்தது. எல்லாத் தேசத்துக்கும் ஒரே புட்டி, ஒரே மணம் என்பது மேலாளரின் பிடிவாதம். கூடாது, சில ஊருக்கு நான் கவிழ்த்தது போல மணமில்லாததும் வேண்டும் என்று மாதக்கணக்காக வாதாடியவள் என் மகள். அன்று மாலைக்குள் நிரூபிக்காவிட்டால் அந்த வேலையே அவள் கையை விட்டுப் போயிருக்கும். வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். நுரையில் மண்டியிட்டாள். நீலச் சட்டை அம்மாளிடம், "உங்க வீட்ல மூலையிலேர்ந்து வாசலுக்குத் துடைப்பீங்க, இப்படி" என்று துணியை இழுத்தாள். உயரமான அம்மாளிடம், "நீங்க வாசல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க, வர்றவங்க பார்வைல படணும்னு" என்றாள். இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகளுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள்! வீட்டில் குடித்த காபித் தம்ளரை நகர்த்தி வைக்காத பெண் இவள்.

"ரெண்டு புட்டின்னா செலவு?" என்றார் மேலாளர், கால்சட்டை நுனி நனைய.

"தரை ஒண்ணுதான் சார். மூக்குதான் வேற வேற."

மேலாளர் இரண்டு அம்மாள்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரி, ரெண்டாவே போடுவோம்" என்றார். மகள் எழுந்திருக்கக் கை நீட்டினாள். தூக்கிவிட்டேன், அத்தான். ஊர் ஊராய்த் தரையை அளந்தவன் நான். அந்தத் தரையைத் தினமும் துடைக்கிறவர்கள் மனசுக்குள் இவ்வளவு இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை நான் பெற்ற பெண் போய்ப் பார்த்திருக்கிறாள்.

ஆகவே, தங்கள் கேள்விக்கு என் பதில்: அவள் தண்ணீர் விற்கவில்லை. தேசம் தேசமாக மனிதர்களுக்கு எது சுத்தம் என்று கண்டுபிடிக்கிறாள். யார் கேட்டாலும் தாங்களும் இப்படியே சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ ஆசிகள். மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்று உங்கள் தங்கை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கச் சோம்பல்பட்டதில் கடிதம் பல மாதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் மணமில்லாத புட்டி அந்த நீலச் சட்டை அம்மாளின் ஊரில் கடைக்குப் போய், அடுக்கியதெல்லாம் தீர்ந்துவிட்டது. வீடே கொண்டாடியது. நேற்று அந்த அம்மாளே மகளைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். அங்கே யாரும் அதால் தரை துடைப்பதில்லையாம், நாயைக் குளிப்பாட்டுகிறார்களாம். மற்ற சோப்பின் வாசனைக்கு ஓடுகிற நாய் இதற்கு மட்டும் அசையாமல் நிற்கிறதாம். "அப்போ தரைய எதால தொடைக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள். வெறும் தண்ணீராலாம்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "நாய்க்கு ஒத்துக்குற மாதிரி அத மாத்தணும்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். நாய் வளர்க்கும் வீடுகளாகப் பார்த்துப் போய் உட்காரப் போகிறாளாம். ஆகையால் அத்தான், மேலே நான் எழுதிய பதிலை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்.